காத்திருந்தவர்கள் கணக்கில்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. கவரக்கா என்று கேட்டுப் பாருங்கள், கேன்டீன்காரர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் பிரசவ வார்டின் கடைசி அறைக்குக் கை காட்டுவார்கள். ஆராய்ச்சி நர்ஸ் என்பது அவள் உத்தியோகம். அது யார் வாயிலும் நுழையவில்லை. இரும்பு அலமாரியில் பூட்டி வைத்த பழுப்புக் கவர்களை வரிசை தப்பாமல் எடுத்துவந்து கர்ப்பிணிகளிடம் நீட்டுகிறவள் என்பதால் கவர் அக்கா ஆனாள், அது தேய்ந்து கவரக்கா ஆயிற்று.

கவருக்குள் இருப்பது ஒரே வரிதான். ஒன்று, 'இப்போதே பிரசவம்'. இல்லாவிட்டால், 'காத்திருத்தல்'. எட்டாம் மாதத்தில் சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொள்ளும், கால் வீங்கும், சிறுநீரில் புரதம் போகும். ஒரேயடியாக ஏறிவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை, குழந்தையை உடனே வெளியே எடுத்தாக வேண்டும். ஏறியும் ஏறாமலும் மதில் மேல் பூனையாக நிற்கிறவர்களை என்ன செய்வது? எடுத்துவிட்டால் தாய் தப்பிப்பாள், ஆனால் பிள்ளைக்கு நுரையீரல் முதிர்ந்திருக்காது. விட்டுவைத்தால் பிள்ளை முதிரும், ஆனால் தாய்க்கு எந்த நிமிடம் வலிப்பு வருமோ, பிள்ளைக்குப் போகும் ரத்தம் எப்போது குறையுமோ, யாராலும் சொல்ல முடியாது. டாக்டர்களிலேயே ஆளுக்கு ஒரு கட்சி. இதற்கு ஒரு முடிவு காணத்தான் பிரசவ வார்டின் தலைமை டாக்டரான பெரிய மேடம் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார். பாதிப் பேருக்கு உடனே எடுப்பது, பாதிப் பேரை வார்டில் வைத்துக் கண்காணித்தபடி காத்திருப்பது. யாருக்கு எது என்பதைக் கவர்தான் சொல்லும், டாக்டர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் மனசு சாய்ந்த பக்கம் ஆராய்ச்சியும் சாய்ந்துவிடும்.

இதைப் பெண்களிடம் சொல்லிப் புரியவைப்பது சாமானியமா? கவரக்கா அதில் கரைகண்டவள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுவாள். "எது நல்லதுன்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா மறைப்போமா? தெரியாததாலதான் உங்ககிட்ட வந்து நிக்கிறோம்." ஒரு புருஷன்காரன் எகிறினான், "தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி கட்டி வெச்சிருக்கீங்க?" அவள் அசரவில்லை. "தெரியாததைத் தெரியும்னு சொல்றவங்க இதைவிடப் பெருசா கட்டி வெச்சிருக்காங்க தம்பி, அங்க வேணா போய்ப் பாருங்க" என்றாள். அவன் சிரித்துவிட்டான், அவன் மனைவி கையெழுத்துப் போட்டாள்.

கவரை அவள் பிரிக்க மாட்டாள். அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுவாள். "உங்க கையாலேயே பிரிங்க. நாளைக்கு யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம்" என்பாள். இது அவளாகக் கொண்டுவந்த வழக்கம். பெரிய மேடம் கூட்டங்களில் இதைச் சொல்லி மெச்சுவார். மெச்சினால் யாருக்குத்தான் கசக்கும்? வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் அதைச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

தங்கைதான் அவளுடைய உலகம். அம்மா போனபோது அதற்குப் பாவாடை கட்டத் தெரியாத வயசு. பெரியவள் தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் சின்னவளை ஆளாக்கி, ஏசி ரிப்பேர் பார்க்கும் ஒரு நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்" என்று வார்டு ஆயாக்கள் அவளைச் சீண்டுவார்கள். "தன் பிள்ளைக்கு நான் எங்க போவேன்? தங்கச்சி பிள்ளை வளர்ந்தாப் போதும்" என்பாள். அந்தப் பிள்ளைதான் வருவதாக இல்லை. இரண்டு முறை தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கியது, எட்டாம் மாதம் வரை சமர்த்தாக வளர்ந்தது. அப்புறம் ஒருநாள் தங்கை செருப்பு காலில் நுழையவில்லை என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னபோது பெரியவள் அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அழுத்தம் ஏறியிருந்தது. புரதம் போயிருந்தது. மதில் மேல் பூனை.

"உன் தங்கச்சிகிட்ட வேற யாராவது பேசட்டும். நீ பேச வேண்டாம்" என்றார் பெரிய மேடம்.

"இல்ல மேடம், நானே பேசறேன். ஊருக்குத்தான் உபதேசம்னு நாளைக்கு ஒரு வார்த்தை வந்துடக் கூடாது."

மேடம் அவளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார், பிறகு சரி என்றார். அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. மற்ற பெண்களிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் தங்கையிடம் சொன்னாள். தங்கை பாதியிலேயே கையை நீட்டினாள். "போதும்க்கா, நீ தூக்கத்துலயே இதைத்தான் பேசுவே. குடு."

கவரைப் பிரித்தாள். 'காத்திருத்தல்'.

"பாரேன், எனக்கு எப்பவுமே வெயிட்டிங் லிஸ்ட்தான்" என்று புருஷனிடம் காட்டிச் சிரித்தாள் தங்கை. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டான். "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்றாள் கவரக்கா. அப்போது அவள் மனமார நம்பித்தான் சொன்னாள்.

முதல் மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. தினமும் அழுத்தம் பார்த்தார்கள், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். எல்லாம் நிலையாக இருந்தது. பிள்ளை உதைக்கிற உதையில் போர்வை எழும்பும். தங்கை பக்கத்துக் கட்டில்காரிகளிடம் அதைக் காட்டி, "உள்ளேயே ஒரு ஆள் வீட்டை மாத்திக் கட்டிட்டு இருக்கான்" என்று சிரிக்கவைப்பாள்.

அந்த வாரத்தில்தான் பெரிய மேடத்தின் மகள் வந்து சேர்ந்தாள். அவளுக்கும் எட்டாம் மாதம். அதே வீக்கம், அதே புரதம், அழுத்தமும் ஏறக்குறைய தங்கைக்கு இருந்த அதே அழுத்தம். தகுதியுள்ள ஒருத்தியையும் கேட்காமல் விடக் கூடாது என்பது மேடமே போட்ட சட்டம். கவரக்கா வழக்கம்போலக் கவர் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு தனியறைக் கதவைத் தட்டினாள்.

மேடம் மகளின் தலைமாட்டில் நின்றிருந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. "இவளுக்கு வேண்டாம்."

"கேக்கவாவது கேக்கணுமே மேடம்?"

"நாளன்னைக்கு எடுத்துடலாம்னு இருக்கேன். பிள்ளை நுரையீரல் முதிர ஊசி போட்டாச்சு."

"அது என்ன கவர்ம்மா?" என்று மகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ கண்ணை மூடிப் படு."

ஒண்ணுமில்லையாம்! அந்த ஒன்றுமில்லாததைத்தான் இத்தனை பெண்களிடம் காலைப் பிடித்துக்கொண்டு தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். தட்டோடு திரும்பி நடந்தபோது அவளுக்குக் காது இரண்டும் எரிந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், மேடத்துக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதற்குமேல் ஒரு எண்ணம் வந்தது, வந்தது போகவில்லை. இத்தனை வருஷமாக இதிலேயே ஊறியவர், இந்த நாட்களில் பிறந்த அத்தனை பிள்ளைகளையும் கண்ணால் பார்த்தவர். எந்தப் பக்கம் தேறுகிறது, எந்தப் பக்கம் தேறவில்லை என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வெளியில் சொல்ல மாட்டார், சொன்னால் ஆராய்ச்சி நின்றுவிடும். மகள் என்று வந்தபோது தெரிந்ததைச் செய்துவிட்டார்.

அப்படி ஒருவருக்கும் தெரிய வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக் கணக்கும் ஆராய்ச்சியின் புள்ளிவிவரம் பார்க்கும் கணக்கு சாரிடம் பூட்டிக் கிடக்கிறது, முடியும்வரை மேடத்துக்கே காட்ட மாட்டார். இதைப் பெண்களிடம் விளக்குகிறவளே அவள்தான். தெரிந்தும் நம்பவில்லை. தன் தங்கை கட்டிலில் கிடக்கும்போது யார் நியாயம் பேசிக்கொண்டிருப்பார்கள்?

மேடத்தின் பேரன் பிறந்தான். பிறந்த கையோடு அறை அதிர அழுதான். பச்சிளங்குழந்தை வார்டில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள், வெறும் முன்னெச்சரிக்கைக்கு. கண்ணாடி வழியே கவரக்கா அவனைப் பார்த்தாள். சிவப்பாக, சின்னதாக, மூக்குக் குழாயைப் பிய்த்து எறியப் பார்க்கும் போக்கிரியாக இருந்தான். அவள் அங்கிருந்து நேரே மேடத்தின் அறைக்குப் போனாள்.

"என் தங்கச்சியை ஆராய்ச்சியிலருந்து விலக்கிக்கிறேன் மேடம். அவளுக்கும் எடுத்துடுங்க."

"விலகறது அவ உரிமை. நான் தடுக்க மாட்டேன். ஆனா எடுக்க இப்ப அவசரம் என்ன? பிரஷர் நிலையா இருக்கு, பிள்ளை நல்லா அசையுது."

"உங்க பொண்ணுக்கும் அப்படித்தானே இருந்துச்சு?"

மேடம் மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினார்.

"எது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் எடுத்தீங்க."

"தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்ப ஏன் எடுத்தீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். வாய் எதையோ சொல்லப் போய் மூடிக்கொண்டது. "உங்க பொண்ணுக்கு ஒரு நியாயம், என் தங்கச்சிக்கு ஒரு நியாயமா மேடம்?" என்று அவள் கேட்டபோது தலை நிமிராமல் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெட்கப்பட்டவர் போட்ட கையெழுத்து அது. அவள் அதைத் தெரிந்தவர் போட்ட கையெழுத்தாக எடுத்துக்கொண்டு போனாள்.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரியாதுன்னுதானே அன்னைக்குச் சொன்னே?"

"இப்ப தெரிஞ்சிடுச்சு."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கண்ணால பார்த்தேன்."

"எனக்கென்னமோ இவன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு தோணுதுக்கா. உள்ள சந்தோஷமாத்தான் இருக்கான்."

"தோணறதையெல்லாம் செஞ்சா ஆஸ்பத்திரி எதுக்குடி?" என்று அவள் சீறினாள். தங்கை பயந்துபோய் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சிரிக்கப் பார்த்தாள். "சரி விடு. சேரச் சொன்னே, சேர்ந்தேன். விலகச் சொல்றே, விலகறேன். நீ எனக்குக் கெடுதலா செய்யப்போறே?"

விலகும்போதும் ஒரு கேள்வி உண்டு. சிகிச்சையிலிருந்து விலகினாலும், பிரசவம் எப்படி ஆயிற்று என்ற விவரத்தை ஆராய்ச்சி எடுத்துக்கொள்ளலாமா என்று. "எடுத்துக்கட்டும், நாலு பேருக்கு உபயோகப்பட்டா சரி" என்றாள் தங்கை. அந்தக் கேள்விக்கு அத்தனை பெண்களும் சொல்வது அதுதான்.

பையன் பிறந்தான். அழவில்லை. தட்டினார்கள், மூக்கில் காற்று கொடுத்தார்கள், அப்புறம் பூனைக்குட்டி போல ஒரு முனகல் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன. தங்கைக்கும் அதே நுரையீரல் ஊசி போட்டிருந்தும் அந்த நுரையீரல் விரிய மறுத்தது. தொண்டையில் குழாய் இறக்கினார்கள். மேடத்தின் பேரன் படுத்திருந்த தொட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டில்தான் அவனுக்கும் கிடைத்தது. அந்தப் பையன் அன்று வெள்ளைத் துண்டில் சுற்றப்பட்டு வீட்டுக்குப் போனான். இவன் இருந்தான். மெல்ல மெல்ல நிறம் தெளிந்தது, குழாயை எடுத்துவிடலாம் என்றுகூடப் பேசினார்கள். அப்போது கிருமி தொற்றியது. மேடம் வீட்டுக்கே போகாமல் தொட்டிலருகில் நின்றார், தனக்குத் தெரிந்த அத்தனை மருந்தையும் கொடுத்துப் பார்த்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

வார்டு வாசலில் கை கழுவும் தொட்டி உண்டு. கவரக்கா அங்கே குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தாள். அவளுக்கு அழத் தெரியாமல் போயிருந்தது. மேடம் வந்து பக்கத்துக் குழாயைத் திறந்தார்.

"பயந்துட்டேன்" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்குக் கேட்டியே, ஏன்னு. பயம்தான். தெரிஞ்சு செய்யல. காத்திருக்கற தெம்பு எனக்கு இல்ல, அவ்வளவுதான். அதை உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

அன்றைக்கு இந்த ஒரு வார்த்தை வந்திருந்தால்! பயம் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும், அவள்கூடப் பயந்துபோய்த்தானே நின்றாள்? பெரிய படிப்பு படித்தவருக்குப் பயம் வரும் என்று அவளுக்குத் தோன்றாமலே போயிற்று. அவர் நடுங்கியதைப் பார்த்துவிட்டு, அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கற அம்மாங்கல்லாம் பயப்படலையா மேடம்? அவங்க பயத்துக்கெல்லாம் நாம கவர்தானே குடுத்தோம்?"

மேடம் குழாயை மூடினார். அவரிடம் கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது, ஆனால் கோபம் பாதி வழி போய்த் தன்மேலேயே திரும்பி வந்தது. கையெழுத்து மேடத்துடையது. கேட்டு வாங்கியது யார்?

அடுத்த வருஷம் ஆராய்ச்சி முடிந்தது. கணக்கு சார் பூட்டைத் திறந்தார். கூட்ட அறையில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரில் இரண்டு பக்கங்களைக் காட்டினார். உடனே பிரசவம் ஆனவர்கள் ஒரு பக்கம், காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் இறந்த வரியில் மட்டும் காத்திருந்தவர்கள் பக்கம் ஒன்று கூடுதல். "இதை வெச்சு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா காத்திருக்கறதுல கொஞ்சம் ஆபத்து இருக்கலாமோன்னு ஒரு சாயல் தெரியுது. மேற்கொண்டு பார்க்கணும்" என்றார்.

கவரக்கா எழுந்தாள். "என் தங்கச்சி பிள்ளை எந்தப் பக்கம் சார் இருக்கு?"

அவர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர். "கவர் என்ன சொல்லுச்சோ அந்தப் பக்கம்தான்மா. காத்திருத்தல்."

"அவ காத்திருக்கலையே சார்! சீக்கிரம் எடுத்ததாலதானே அவன் போனான்?"

"நடுவுல மாறினவங்களை மாறின பக்கமே எழுத ஆரம்பிச்சா, பயந்தவங்க, முடியாதவங்க எல்லாரும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துடுவாங்க. கணக்கே கெட்டுடும். பிரிச்ச கவர் பிரிச்சதுதான். புதுசா வர்ற நர்ஸுங்களுக்கு நீங்களே இதைத்தானே சொல்லித் தர்றீங்க?"

ஆமாம், அவள்தான் சொல்லித் தருகிறாள். சட்டம் சரியான சட்டம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தப்பான சட்டமாக இருந்தால் கத்தியிருக்கலாம், மேஜையைக் குத்தியிருக்கலாம். மேடம் முதல் வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய பேரன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். சீக்கிரம் எடுத்துப் பிழைத்த அவன் அந்தச் சுவரில் எந்தப் பக்கத்திலும் இல்லை, அவனுக்குத்தான் கவரே பிரிக்கவில்லையே. சீக்கிரம் எடுத்துச் செத்தவன், காத்திருந்து செத்ததாக நிற்கிறான்.

வீட்டுக்குப் போனால் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் சிரிக்கவைக்கப் பார்ப்பதில்லை. இதுவரை அக்காவை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரிசல்ட் வந்துடுச்சாமே? உங்க ஆஸ்பத்திரியில ஏசி பார்க்க வந்தப்ப அவர் கேள்விப்பட்டாராம்."

"வந்துடுச்சு."

"நம்ம பாப்பா அதுல இருக்கானா?"

அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு ஆவல் தெரிந்தது. பிள்ளையின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை, அவனுக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை. எங்காவது ஒரு மூலையில் அவன் இருக்கிறான் என்று கேட்டால் போதும் அவளுக்கு. பொய் சொல்லியிருக்கலாம். இந்த முறை அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கான்."

"எந்தப் பக்கம்?"

"காத்திருந்தவங்க பக்கம்."

தங்கையின் கை நின்றது. "அவனை எங்கக்கா காத்திருக்க விட்டோம்?"

கவரக்கா விளக்க ஆரம்பித்தாள். கவர், சட்டம், கணக்கு எல்லாம் சொன்னாள். தங்கை முழுசாகக் கேட்டாள். அவள் புத்திசாலி, எப்போதும் பாதியிலேயே பிடித்துக்கொள்வாள்.

"அப்ப இனிமே வர்ற பொண்ணுங்ககிட்ட, காத்திருந்தா ஆபத்து, சீக்கிரம் எடுத்துடுங்கன்னு நம்ம பிள்ளையைக் காட்டிச் சொல்வாங்களா?"

கவரக்கா வாயைத் திறந்தாள். எத்தனையோ பெண்களிடம் சொன்ன ஒரே பதில்தான் வந்தது. "தெரியாதும்மா."

தங்கை அடுக்கிய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை உருவி, அக்காவின் மடியில் வைத்தாள். அவனுக்காக வாங்கியது, பிரிக்காத மடிப்பு அப்படியே இருந்தது.

"இதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிடு. சீக்கிரம் பொறந்த பிள்ளை ஏதாவது இருந்தா குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.